சூசனி: நேர் சேராத பூ

எங்க குழுவில் நாலு பேர் ஆளுக்கொரு பாகமாப் பூ போட்டுத் தைத்த திரைச்சீலை, இணைப்பில் பூ நேரா சேரலைன்னு கடையிலிருந்து திரும்பி வந்தது பலருக்கு நினைவிருக்கும். அது இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.

என் மகள் உஸ்பெகிஸ்தான் நாட்டுத் தலைநகர் தாஷ்கண்டில் டாக்டருக்குப் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள கைவினைக்கலை மியூசியத்தை வீடியோ காலில் எனக்குச் சுற்றிக் காட்டினாள். ஜார் ஆட்சியில் பொலோவ்ட்சோவ் என்ற ரஷ்ய அதிகாரிக்காக அந்நாட்டு உஸ்தாக்கள், அதாவது கைதேர்ந்த ஆசாரிகள், அலங்கரித்த வீடு அது. சுவரெல்லாம் சாந்துச் செதுக்கல், உத்தரமெல்லாம் வர்ணம். 1937-இல் மியூசியமானது. அழகுதான். ஆனா ஒரு துணியைப் பார்த்ததும், "அங்கேயே நில்லுடி" என்றேன்.

அதுதான் சூசனி. பாரசீகத்தில் சூசன் என்றால் ஊசி. பெண் பிறந்தால் அவள் கல்யாணச் சீருக்கு வீட்டுப் பெண்கள் தைக்க ஆரம்பித்துவிடுவார்கள். கட்டில் விரிப்பு, சுவரில் தொங்கவிடும் துணி, தொழுகை விரிப்பு என்று எல்லாம் பட்டு நூல் வேலை.

தைக்கிற முறையைக் கேளுங்க. அவர்கள் கைத்தறியில் துணி அகலம் குறைவாகத்தான் வரும். நாலைந்து துண்டுகளைச் சேர்த்து லேசாக ஓட்டுத்தையல் போடுவார்கள். கோலம் தெரிந்த பெரியம்மா ஒருத்தி மொத்தத் துணியிலும் பூவும் கொடியும் வரைவாள். அவளுக்குப் பெயர் கலம்கஷ். நம்ம கலம்காரியில் இருக்கிற அதே கலம். பிறகு தையலைப் பிரித்து, அம்மாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று பங்கு. எல்லாரும் முடித்ததும் திரும்ப இணைப்பார்கள். அதனால் ஒரே பூவில் பாதி இதழ் மேலே, பாதி கீழே நிற்கும். ஒரு பக்கச் சிவப்பு அடர்த்தி, மறுபக்கம் வெளுப்பு. ஒரு மூலையில் கொஞ்சம் தைக்காமலே விடுகிற வழக்கமும் உண்டு.

சிவப்பு, மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து. மஞ்சள், மாதுளைத் தோலிலிருந்தும். நீலத்துக்கான அவுரி நம்ம இந்தியாவிலிருந்து வியாபாரிகள் வழியாகப் புகாரா போனது. 1865-இல் ரஷ்யப் படை தாஷ்கண்டைப் பிடித்தது. அதன் பிறகு ஃபேக்டரிச் சாயம் வந்தது, சோவியத் காலத்தில் மெஷின் எம்பிராய்டரியும் வந்தது. இன்றைக்குப் பழைய கைத்தையல் சூசனிக்குப் பெரிய விலை. நேர் சேராத பூதான் பழைய துணிக்கு ஒரு அடையாளமாம்! நம்ம கடைக்காரருக்கு இது தெரிஞ்சிருந்தா?

வீட்டை அலங்கரித்த உஸ்தாக்களில் சிலர் பெயர் எழுத்தில் இருக்கிறது. "இதை யார் தைச்சதுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, ஊர் பேர்தான். நுராத்தா, ஷாரிசப்ஸ், புகாரா..."

அன்று ராத்திரியே பீரோவைத் திறந்தேன். திரைச்சீலை ஓரத்தில் எங்க நாலு பேர் பெயரையும் சிவப்பு நூலில் போட ஆரம்பித்தேன். மூணு பெயர் முடிந்தது. நாலாவது, போன வருஷம் காலமான நம்ம பழைய பொருளாளருடையது. மலர் வெளியீட்டு விழாவுக்குத் துணியைக் கொண்டு வருகிறேன். அவர் மகள் வந்தால், அந்தப் பெயரை அவள் கையால் போடட்டும்.