கதவைத் தூக்கிய தோள்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பிறந்து வளர்ந்த ஊர் ஹுத்தான் மெலிந்தாங். பெர்னாம் ஆற்றங்கரையில் இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பெரிய ரயில் வந்ததில்லை. ரயில் பார்க்க வேண்டுமானால் தெலுக் ஆன்சனுக்குப் போக வேண்டும். தாப்பா ரோட்டிலிருந்து அங்கே 1893இல் ஒரு கிளைப்பாதை போட்டார்கள். இன்று அந்தப் பாதையும் இல்லை, தெலுக் ஆன்சன் என்ற பெயரும் இல்லை. தெலுக் இந்தான் ஆகிவிட்டது. ஆனால் தண்டவாளம் எங்களுக்குப் புதிதல்ல. பக்கத்து ஜெண்டராட்டா தோட்டத்தில் செம்பனைக் குலைகள் ஆலைக்குப் போனதே குட்டி ரயிலில்தான்.

கருத்தரங்கின் தலைப்பு ‘உழைப்பும் கருவியும்’. நான் பேசப் போவது ஒரே ஒரு பொருளைப் பற்றி. சரக்கு ரயில் பெட்டியின் கதவு. ‘இதில் பேச என்ன இருக்கிறது?’ என்று நெறியாளர் சற்று முன் என்னைக் கேட்டார். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

என் பெரியப்பா 1950களில் ஒரு ரயில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். சிறு வயதில் அவரோடு தாப்பா ரோடு நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கூட்ஸ் வண்டி கடந்து போனது. அவர் பெட்டிகளைப் பார்க்கவில்லை, கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த மாதிரிக் கதவை நாலு பேர் தோள்ல தூக்கி மாட்டுவோம்டா தம்பி” என்றார். “கிரேன் இல்லையா பெரியப்பா?” என்று கேட்டேன். “இருந்துச்சு. அது எஞ்சினுக்கு. கதவுக்கு நாங்க!”

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு, ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 23.5 கிலோ எடை இருக்கும். இரண்டு மீட்டர் உயரமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள கதவு என்றால் தகடு மட்டுமே 70 கிலோ. சுற்றுச் சட்டம், குறுக்கே முட்டுக்கொடுக்கும் கம்பிகள், உருளைகள், தாழ்ப்பாள் எல்லாம் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். அமெரிக்கப் பெட்டிகளின் கதவுகள் இதைப்போல் சில மடங்கு.

‘நூறு கிலோதானே? அந்தக் காலத்தில் ஒரு குனி அரிசி மூட்டையை ஒற்றை ஆள் சுமந்தாரே!’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூட்டை முதுகோடு ஒட்டி உட்காரும். கதவு உட்காராது. பிடிக்க இடமில்லாத தட்டையான பொருள். காற்றடித்தால் பாய்மரம் போலத் திரும்பும். பெட்டியின் தளம் தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கதவை அந்த உயரத்திற்குத் தூக்கி, நிமிர்த்தி, மேல் விளிம்பைக் கூரைக்கு அடியிலுள்ள காடியில் நுழைத்து, கீழ் உருளைகளைச் சிறு தண்டவாளத்தின் மேல் சரியாக இறக்க வேண்டும். விரற்கடை பிசகினாலும் உட்காராது.

பெரியப்பா சொன்ன முறை இது. பழைய சிலிப்பர்க் கட்டைகளைப் பெட்டியின் பக்கத்தில் அடுக்கி மேடை கட்டுவார்கள். கடப்பாரையால் கதவை நெம்பி ஒரு கட்டை உயர்த்துவார்கள்; ஆப்பு செருகுவார்கள்; மறுபடியும் நெம்புவார்கள். கடைசித் தூக்கு மட்டும் தோளால். இருவர் கீழே, இருவர் மேலே, ஒருவர் குரல் கொடுக்க. உருளை உட்கார்ந்த பிறகும் ஆபத்து தீராது. கதவு வெளியே சாயாமல் தடுக்கும் இரும்புத் துண்டை முடுக்கும் வரை, அதைப் பிடித்திருப்பது மனிதக் கை மட்டும்தான்.

இந்த வேலைக்குக் கருவியே இல்லையா? இருந்தது. நமது லாரிப் பட்டறைகளில் இன்றும் தொங்கும் செயின் பிளாக்கை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு அளவுள்ள சக்கரங்களில் ஒரே சங்கிலியை ஓடவிடும் அதன் முன்னோடிக் கப்பிக்கு இங்கிலாந்தில் வெஸ்டன் என்பவர் 1859இல் காப்புரிமை பெற்றார். ஒற்றை ஆள் இழுத்தால் அரை டன் எழும். சங்கிலியை விட்டுவிட்டாலும் சுமை கீழே இறங்காது. ஆக, பெரியப்பா தோள் கொடுத்த காலத்தில் அந்தக் கருவிக்கு வயது ஏறக்குறைய நூறு!

ஆனால் கதவு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. மேலிருந்து இறங்கும் கொக்கி பெட்டியின் கூரை விளிம்பில் இடிக்கும். கதவு இருப்பதோ கூரைக்கு அடியில். இதற்காகவே வளைந்த கை ஒன்றைச் செய்தார்கள். ஆங்கில எழுத்து ‘சி’ போல இருக்கும். கீழ்க்கை கதவைப் பிடிக்கும். மேல்க்கை கூரையைத் தாண்டி வெளியே நின்று கிரேனில் தொங்கும். சாயாமல் இருக்கப் பின்னால் ஓர் எடைக்கல். பிறகு ஃபோர்க்லிஃப்ட் வந்தது. 1917இல் அமெரிக்காவின் கிளார்க் நிறுவனம் செய்த சிறு சுமைவண்டி அதன் முன்னோடிகளில் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் அது எங்கும் பரவியது. அதன் முள்கரத்தில் பிடிப்பானைப் பொருத்தினால், கதவைக் கீழிருந்தே ஏந்தி, முன்னும் பின்னும் சாய்த்து, காடியில் நுழைத்துவிடலாம். நாலு தோள் செய்ததை ஓர் ஓட்டுநரும் ஓர் உதவியாளரும் செய்து முடிப்பார்கள்.

பிறகு ஏன் தோள்? கணக்குதான். 1930களில் நம் தோட்டத்து ஆண் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய 50 காசு. மந்த காலத்தில் அதற்கும் கீழே போனது. இரும்புக் கருவியைக் கப்பலில் வரவழைக்க வேண்டும். ஆளோ நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் தானாக வந்து இறங்கினான். ஆள் கூலி எங்கே ஏறியதோ அங்கேதான் கருவி முதலில் வந்தது. இதில் எந்த ஒரு பட்டறையையும் தனியாகக் குறை சொல்ல மாட்டேன்; உலகெங்கும் இதே கதைதான்.

நம் நாட்டில் ரயில் பழுதுபார்ப்பின் தலைமையகம் செந்தூல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தப் பட்டறையைச் சுற்றித்தான் செந்தூல் தமிழர் குடியிருப்பே வளர்ந்தது. குமாஸ்தா மேசையில் யாழ்ப்பாணத்தார், உலைக்களத்தில் தமிழ்நாட்டார் என்று அந்தக் காலத்தில் பேசிக்கொள்வார்கள். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் அதைத் தேடி வந்து குண்டு போட்டன. பட்டறை நின்றால் பாதை நிற்கும் என்பது எதிரிக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்த வேலை நம் பேராக்கின் பத்து காஜாவுக்கு வந்துவிட்டது. 2015 முதல் அங்கே சீன நிறுவனத்தின் ரயில் பெட்டி ஆலையும் இயங்குகிறது. கூரை போட்ட சரக்குப் பெட்டிகள்தான் அருகிவிட்டன. 1956 ஏப்ரல் 26 அன்று 58 பெட்டகங்களோடு ஓர் அமெரிக்கக் கப்பல் புறப்பட்டதே, அதன் விளைவு. கொள்கலன் வந்த பிறகு கதவு ரயிலுக்குச் சொந்தமில்லை. பெட்டகத்தோடு வருகிறது, பெட்டகத்தோடு போகிறது.

அந்தப் பழைய கதவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் தாழ்ப்பாள் வெளியேதான் இருக்கும். அரிசியும் ரப்பரும் உள்ளேயிருந்து இறங்கி வரப் போவதில்லை அல்லவா? சரக்குக்காகச் செய்த கதவு.

1942, 43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, மலாயாவிலிருந்து 70,000-க்கும் அதிகமான தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டதாகப் போருக்குப் பிந்தைய கணக்கு சொல்கிறது. பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். நல்ல சம்பளம் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். போனது சரக்குப் பெட்டியில். பகலில் இரும்புச் சுவர் சுட்டது, இரவில் குளிர்ந்தது. காற்று வர இருந்த பெரிய வழி அந்தச் சறுக்குக் கதவுதான். அது திறந்திருக்குமா, மூடியிருக்குமா என்பது வெளியே நின்றவன் கையில். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

எங்கள் தாத்தாவும் அதில் போனவர். பெரியப்பாவுக்கு அப்போது பத்து வயது. லயத்து வாசலில் நின்று லாரி போவதைப் பார்த்தவர். அதன் பிறகு ஒரு கடிதமும் இல்லை.

பட்டறையில் கூட வேலை செய்த ஒருவர், பெரியப்பாவின் கருமாதிக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்னார். கதவு மாட்டி முடித்ததும் பெரியப்பா மட்டும் பெட்டிக்குள் ஏறிக்கொள்வாராம். வெளியே இருப்பவரிடம் மூடித் தாழ் போடச் சொல்வாராம். உள்ளேயிருந்து இரு கையாலும் ஒருமுறை தள்ளிப் பார்ப்பாராம். கதவு அசையாது. “சரியாத்தான் இருக்கு, திறங்க” என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கி, அடுத்த பெட்டிக்குப் போவாராம்.