லயன் அறைக்குள் தப்பு: தலைக்கு மேல் எந்த மைக்?

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் தெல்தெனியவைத் தாண்டி மலை ஏறினால் வருவது ஹுன்னஸ்கிரிய. நக்கிள்ஸ் மலைத்தொடரின் பனிமூட்டம் பிற்பகலிலேயே வீதிக்கு இறங்கிவிடும் இடம். அங்குள்ள தோட்டமொன்றின் லயன் அறையில், எழுபது வயதைக் கடந்த தப்புக் கலைஞர் ஒருவரின் அடிகளைப் பதிவு செய்யப் போயிருந்தேன். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பெரிய கொண்டென்சர் மைக்கைக் கூரையின் குறுக்குச் சட்டத்தில், தப்புக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிட்டேன். ஸ்டூடியோக்களில் டிரம் செட்டுக்கு மேலே மைக் தொங்குவதைப் பார்த்திருந்ததுதான் எனது முழு அறிவும்.

பதிவைப் போட்டுக் காட்டியபோது தாத்தா சிரித்தார். “தம்பி, இது தப்பாத்தான் இருக்கு. ஆனா தப்பு இல்ல.”

அவர் சொன்னது சரி. கேட்டது தகர டின்னைத் தட்டும் சத்தம். தோலின் கனம் எங்கேயோ போய்விட்டது. மைக் விலை உயர்ந்தது. தெரிவும் வைத்த இடமும்தான் பிழை. அந்தப் பிழையிலிருந்து கற்றுக்கொண்டவற்றை, இதே வேலையைச் செய்ய நினைக்கும் மற்றவர்களுக்காக இங்கே தொகுக்கிறேன்.

ஏன் இந்த அவசரம்?

தோட்டங்களில் ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளர்களைப் பெரட்டுக்கு எழுப்பியது தப்பு. மாசி மாதத்தின் காமன் கூத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், சாவு வீட்டுக்கும் தனித்தனி அடிகள் உண்டு. சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் மலையக மக்களின் பாடல்களைத் தேடிச் சேகரித்து அச்சில் ஏற்றினார்கள். ஆனால் சொல் தாளில் தங்குவது போல அடி தங்குவதில்லை. அது அடிப்பவரின் கையிலும் கேட்பவரின் காதிலும் மட்டுமே இருக்கிறது. சாதியின் பெயரால் இந்தக் கருவியின் மீது சுமத்தப்பட்ட இழிவைச் சுமக்க விரும்பாத பிள்ளைகள் அதைத் தொடாமல் விலகிப் போவதையும் நாம் குறை சொல்ல முடியாது.

தாத்தாவின் அண்ணன் 1977 வன்செயலுக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்குப் போனவர். போகும்போது ஊர்க் காமன் கூத்தைப் பதிந்த இரண்டு கசற்றுகளை எடுத்துச் சென்றிருக்கிறார். 2009 இல் இடம்பெயர்ந்து ஓடியபோது அவையும் போய்விட்டன. வன்னியில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த கதைதான் இது. புகைப்படப் பெட்டி, உறுதிப் பத்திரம், கசற்று என்று ஒவ்வொரு வீடும் எதையோ விட்டு வந்தது. இப்போது மிச்சமிருப்பது தாத்தாவின் கை மட்டுமே.

முதலில் அறையைப் புரிந்துகொள்ளுங்கள்

லயன் அறை என்றால் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. சீமெந்துத் தரை, சுவர், மேலே தகரம். ஒலி காற்றில் ஒரு செக்கனுக்குச் சுமார் 343 மீற்றர் ஓடும். இவ்வளவு சிறிய அறையில் அது சுவரிலும் கூரையிலும் பட்டு மைக்குக்குத் திரும்பிவர ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்குகளே போதும். நேராக வந்த ஒலியும் திரும்பி வந்த ஒலியும் மைக்கில் கலக்கும்போது சில சுரங்கள் கூடும், சில அழியும்.

நான் மைக்கைக் கூரையிலிருந்து ஒரு அடி கீழே தொங்கவிட்டிருந்தேன். நேர் கீழிருந்து வரும் ஒலி மைக்கைக் கடந்து கூரைக்கு ஒரு அடி போய், மீண்டும் ஒரு அடி கீழிறங்க வேண்டும். இந்த இரண்டு அடி தாமதம் சுமார் 280 ஹெர்ட்ஸிலும், அதன் மூன்று மடங்கான 840 ஹெர்ட்ஸ் அளவிலும், அதற்கு மேலும் ஒலியில் பள்ளங்களைத் தோண்டும். தகர டின் சத்தத்துக்கு ஒரு காரணம் இது.

அறையின் நீள அகலமும் தம் பங்குக்கு வேலை செய்யும். 12 அடி நீளம் 47 ஹெர்ட்ஸையும் அதன் இரட்டிப்பான 94 ஐயும், 10 அடி அகலம் 56 ஐயும் 112 ஐயும் ஊதிப் பெருக்கும். எனவே கலைஞரை மூலையில் நிறுத்த வேண்டாம், அறையின் நட்டநடுவிலும் வேண்டாம். ஒரு சுவரிலிருந்து அறை நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிறுத்துவது நல்ல தொடக்கம்.

தப்பு டிரம் செட் அல்ல

டிரம் செட்டில் தோல்களும் சிம்பல்களும் மேல்நோக்கிக் கிடக்கின்றன. அதனால் மேலே தொங்கும் மைக் அவற்றை நேராகப் பார்க்கும். தப்போ தோளில் தொங்குகிறது. அதன் தோல் முன்னோக்கி நிற்கிறது, பின்பக்கம் திறந்தே இருக்கிறது.

தோல் முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுத்தப்படுகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று இழுக்கப்படுகிறது. வளையத்தின் விளிம்புக்கு நேர் மேலே இந்த இரண்டும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அதிகம் அழிவது கனத்த, தாழ்ந்த ஒலி. நான் மைக்கைக் கட்டிய இடம் சரியாக அதுதான்.

ஆகவே தப்புக்கு ‘தலைக்கு மேல்’ என்பதை ‘முன்னால், சற்று மேலே’ என்று திருத்திக்கொள்ளுங்கள். தோலிலிருந்து இரண்டரை அடி முன்னே, தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில் மைக்கை வைத்து, தோலின் நடுவை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். அடிக்குச்சியின் கனமும் சிம்புக்குச்சியின் சடசடப்பும் அங்கே சேர்ந்து கேட்கும்.

மைக்கைத் தெரிவு செய்தல்

மைக் வாங்கப் போகிறவர்கள் அது எவ்வளவு துல்லியமாகக் கேட்கும் என்று விசாரிப்பார்கள். சிறிய அறைக்கு முதல் கேள்வி வேறு: அது எந்தத் திசையில் செவிடு?

எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிக் கேட்கும் ஓம்னி மைக், நல்ல மண்டபத்தில் அழகு. லயன் அறையில் அது தப்பை விடத் தகரத்தையே அதிகம் பதிவு செய்யும். ரிபன் மைக் பெரும்பாலும் முன்னும் பின்னும் சம அளவில் கேட்கும். சிம்பலின் கூர்மையை மென்மையாக்க அது உதவினாலும், தாழ்ந்த கூரைக்குக் கீழே அதன் முதுகு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கார்டியொயிட் மைக்குக்கு நேர் பின்புறம் செவிடு. கீழ்நோக்கித் தொங்கவிட்டால் அந்தச் செவிட்டுப் பக்கம் கூரைக்குப் போகிறது. சூப்பர்கார்டியொயிட் பக்கவாட்டில் இன்னும் இறுக்கமானது, ஆனால் அதற்குப் பின்புறம் ஒரு சிறு காது உண்டு. சாய்த்து வைக்கும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. எந்தக் கோணத்திலும் அதிகம் ஏமாற்றாதது கார்டியொயிட்தான்.

அடுத்தது உள்ளே அதிரும் தகட்டின் அளவு. அதை டயஃப்ரம் என்பார்கள். சிறிய டயஃப்ரம் கொண்ட மைக் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியையும் நிறம் மாறாமல் வாங்கும். பெரியதில் பக்கவாட்டு ஒலி மங்கி நிறம் மாறும். எல்லாச் சுவரிலிருந்தும் ஒலி திரும்பும் சின்ன அறையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஏகேஜி சி414 போன்ற புகழ்பெற்ற பெரிய மைக்குகளில் திசையை மாற்றும் வசதி இருக்கிறது. அப்படியொன்று கையில் கிடைத்தால் மறக்காமல் கார்டியொயிட்டில் வையுங்கள்.

மூன்றாவது, சத்தத்தைத் தாங்கும் சக்தி. விவரத்தாளில் அதியுயர் ஒலி அழுத்தம் 130 டெசிபலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சோடியாகவும் விற்கப்படும் ரோட் என்டி5 என்ற சிறிய கார்டியொயிட் கொண்டென்சர் 143 டெசிபல் வரை தாங்கும். மைக்கின் சொந்த இரைச்சலைப் பற்றிக் கவலை வேண்டாம். தப்பு அதை மூடிவிடும்.

நான்காவது, ஈரப்பதன். ஸ்டூடியோவுக்காக எழுதப்படும் வழிகாட்டிகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை. ஹுன்னஸ்கிரிய போன்ற பனி ஊரில் கொண்டென்சர் மைக் ஈரம் பட்டால் பொரியும் சத்தம் போடும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கொண்டுபோங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் போடாமல், பெட்டிக்குள்ளேயே சற்று நேரம் விடுங்கள். அத்தோடு இதற்கு 48 வோல்ட் பாண்டம் மின்சாரமும் தேவை. தோட்டத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எனவே பற்றரியில் இயங்கி அந்த 48 வோல்ட்டைக் கொடுக்கும் ரெக்கோர்டர் நல்லது.

இதற்கெல்லாம் வழியில்லை என்றால் டைனமிக் மைக் இருக்கிறது. 1965 முதல் விற்பனையில் உள்ள ஷூர் எஸ்எம்57 கார்டியொயிட் வகை. ஈரமும் சத்தமும் அதைப் பெரிதாக அசைக்காது, பாண்டம் மின்சாரமும் தேவையில்லை. சிம்புக்குச்சியின் மெல்லிய சடசடப்பு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். கோயில்களிலும் வாசிகசாலைகளிலும் கிடக்கும் மைக் பெட்டிகளில் இதைப் போன்ற ஒன்று இருக்கக்கூடும்.

ஒன்றா, இரண்டா?

ஒரு தப்புக்கு ஒரு மைக் போதும். இரண்டு தப்பும் ஓர் உடுக்கும் சேர்ந்தால் இரண்டு மைக் வைக்கலாம். அவற்றை அறையின் இரு பக்கங்களில் பிரித்து வைப்பதை விட, தலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக வரும்படி 90 பாகையில் குறுக்காக வைப்பது பாதுகாப்பானது. ஒலி இரண்டையும் ஒரே நேரத்தில் எட்டுவதால் ஒன்றை ஒன்று அழிக்காது. நமது பதிவுகளைப் பலர் கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில்தான் கேட்கப் போகிறார்கள். அங்கே இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலக்கும்போதும் ஒலி மெலியாது.

பிரித்து வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கயிறு எடுங்கள். 1968 இல் லண்டனில் லெட் செப்பலின் குழுவின் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்த கிளின் ஜோன்ஸின் பெயரால் வழங்கும் முறையில், இரண்டு மைக்குகளும் ஸ்னேர் டிரம்மிலிருந்து சம தூரத்தில் இருக்கும். நாமும் முதன்மைத் தப்பிலிருந்து இரண்டுக்கும் ஒரே அளவு கயிற்றைப் பிடித்துப் பார்க்கலாம். ஒன்றைத் தப்பின் முன்னும் மற்றதைப் பின்னும் வைத்தால், பின்னதன் துருவத்தைத் தலைகீழாக்க மறக்கக் கூடாது.

யாருடைய ஓசையாவது கூடினால் மைக்கைத் தொடாதீர்கள். அவரை அரை அடி பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.

கம்பளி, நெருப்பு, மழை

கூரையில் எந்த இடம் ஒலியை மைக்குக்குத் திருப்பி அனுப்புகிறது என்று கண்டுபிடிக்க முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஒருவர் கண்ணாடியைக் கூரையோடு நகர்த்த வேண்டும். கலைஞரின் இடத்தில் தலையைத் தப்பின் உயரத்துக்குத் தாழ்த்தி நிற்பவருக்கு எந்தப் புள்ளியில் மைக் தெரிகிறதோ அதுவே இடம். அங்கே கூரையிலிருந்து நான்கு விரற்கடை இறக்கி மடித்த கம்பளியைக் கட்டுங்கள். மழையில் கொழுந்து பறித்தவர்களின் முதுகை மூடிய அதே கம்பளிதான். கீச்சுச் சத்தம் அடங்கும். தாழ்ந்த முழக்கத்தைக் கம்பளி தடுக்காது, அதற்கு நிற்கும் இடத்தை மாற்றுவதே வழி. மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரில் மெத்தையைச் சாய்த்து வையுங்கள்.

ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். வெளியே நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சி, உள்ளே வந்ததும் அடிக்க வேண்டும். ஆகவே மைக்கை வேறொருவரை நிறுத்திச் சரிபார்த்து முடித்த பிறகே கலைஞரைக் கூப்பிடுங்கள். ஒவ்வோர் அடியாகப் பதிந்து, இடையில் மீண்டும் காய்ச்ச நேரம் கொடுங்கள். தகரத்தில் மழை விழத் தொடங்கினால் எந்த மைக்கும் உதவாது. தேநீர் குடிக்க வேண்டியதுதான்.

பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக வைத்திருங்கள். அதியுயர் அடியும் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி நசுங்கும், ஆவணமாக அனுப்புங்கள். ஒரு பிரதி வீட்டாருக்கு, ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறோர் ஊரில் இருக்கட்டும். ஓரிடத்தில் மட்டும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பு முயற்சிகளிடமும் கொடுக்கலாம். பெயரையும் ஊரையும் சேர்ப்பதா இல்லையா என்பதை அடித்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாம் முறை

அடுத்த முறை ஒரு சிறிய கார்டியொயிட் மைக்கோடு போனேன். கம்பளி அவர் வீட்டிலேயே இருந்தது. காமன் கூத்தின் அடிகளையும் கோயில் அடியையும் பதிந்தோம். போட்டுக் காட்டியபோது தாத்தா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “அண்ணனுக்கு அனுப்புங்க” என்றார்.

சாவு அடியையும் கேட்டேன். தலையாட்டி மறுத்தார். “வீட்டுக்குள்ள அத அடிக்கக் கூடாது தம்பி. அடிக்க வேண்டிய வீடு ஒன்னு வரும். அன்னைக்கு வாங்க.”

அதற்கு அறை வேண்டாம், கம்பளி வேண்டாம். வெட்டவெளியில், காற்றுக்கு ஒரு நுரைத் தொப்பி போட்ட டைனமிக் மைக் போதும். பெட்டியில் அதையும் எடுத்து வைத்திருக்கிறேன். சீக்கிரம் தேவைப்படக் கூடாது என்றுதான் ஆசை.