நிலைமமும் நிலையாற்றலும்: இரு கலைச்சொற்களின் வரலாறு

இயற்பியலில் வழங்கும் 'நிலைமம்', 'நிலையாற்றல்' எனும் இரு கலைச்சொற்களும் 'நிலை' என்னும் ஒரே சொல்லை முதலாகக் கொண்டவை. அவை சுட்டும் கருத்துகளோ முற்றிலும் வேறானவை. மலைமேல் அசையாது கிடக்கும் பாறைக்கு இரண்டும் உண்டு என்று பாடநூல்கள் கூறுவதால், இரண்டும் 'அசையாமை'யின் இரு பெயர்கள் எனும் மயக்கம் எளிதில் தோன்றுகிறது. இம்மயக்கத்தைக் களைய வரையறை மட்டும் போதாது. சொற்கள் பிறந்த வரலாறும் துணைசெய்யும்.

1. கருத்து வேறுபாடு

ஒரு பொருள் தன் இயக்க நிலையில் ஏற்படும் மாற்றத்தை எதிர்க்கும் பண்பே நிலைமம். அதன் அளவு நிறை, அலகு கிலோகிராம். ஓர் அமைப்பின் உறுப்புகள் ஒன்றற்கொன்று அமைந்துள்ள இடத்தால் அவ்வமைப்பில் சேர்ந்திருக்கும் ஆற்றலே நிலையாற்றல். அதன் அலகு ஜூல். 2 கிலோகிராம் நிறையுள்ள கல்லை 5 மீட்டர் உயரத்திற்கு ஏற்றினால் நிலையாற்றல் ஏறத்தாழ 98 ஜூல் மிகுகிறது. நிலைமத்தின் அளவோ தரையிலும் உயரத்திலும் அதே 2 கிலோகிராம்தான். மேலும், நிலையாற்றல் சுழிமட்டத்தைச் சார்ந்தது. கிணற்றின் விளிம்பைச் சுழியாகக் கொண்டால், உள்ளே கிடக்கும் கல்லின் நிலையாற்றல் எதிர்க்குறி பெறும். நிலைமத்திற்கு அத்தகைய சார்பு இல்லை. எனவே ஒன்று பொருளின் பண்பு. மற்றொன்று அமைப்பின் ஆற்றல்.

2. சோம்பலிலிருந்து பிறந்த சொல்

'இனெர்ஷியா' எனும் இலத்தீன் சொல்லில் 'இன்' என்பது எதிர்மறை முன்னொட்டு. 'ஆர்ஸ்' என்பது திறம் அல்லது கலை. எனவே அதன் பழம்பொருள் திறமின்மை, சோம்பல் என்பதாகும். 1618 முதல் 1621 வரை பகுதி பகுதியாக வெளிவந்த தம் கோப்பர்னிக்க வானியல் நூலில் கெப்ளர் இச்சொல்லை இயற்பியல் பொருளில் கையாண்டார். பருப்பொருள் தானாக இயங்கும் திறமற்றது. இயக்கும் விசை நீங்கினால் நின்றுவிடும் என்பது அவர் கருத்து. 1687இல் நியூட்டன் சொல்லை வைத்துக்கொண்டு பொருளை மாற்றினார். ஓய்விலுள்ள பொருள் ஓய்விலும், நேர்கோட்டில் சீராகச் செல்லும் பொருள் அவ்வாறே செல்வதிலும் நீடிக்கும் என்றார். சோம்பலைச் சுட்டிய சொல் ஓயாத இயக்கத்தையும் தழுவியது இவ்வாறே.

3. முரணை உட்கொண்ட தொடர்

நிலையாற்றலுக்குரிய ஆங்கிலத் தொடர் வேறு மரபினது. 1853இல் கிளாஸ்கோவில் படித்த கட்டுரையில் இராங்கின் ஆற்றலை 'உண்மையாற்றல்', 'உள்ளுறை ஆற்றல்' எனும் பொருள்படப் பகுத்தார். இப்பகுப்பு அரிஸ்டாட்டிலின் 'டைனமிஸ்', 'எனெர்கெயா' எனும் இணையை நினைவூட்டுவது. முன்னது ஆகக்கூடிய தன்மை. பின்னது செயலாகிவிட்ட தன்மை. ஆற்றலைக் குறிக்கும் 'எனர்ஜி' எனும் சொல் 'எனெர்கெயா'விலிருந்தே வந்தது. ஆகவே 'பொட்டன்ஷியல் எனர்ஜி' எனும் தொடர், சொற்பிறப்பின்படி, எதிரெதிரான இரு கருத்துகளை ஒருங்கே கொண்டது. பின்னர் தாம்சனும் டெய்ட்டும் 'உண்மையாற்றல்' என்பதற்கு மாற்றாக இயக்கத்தைச் சுட்டும் 'கைனெட்டிக்' எனும் அடையை வழக்கில் கொணர்ந்தனர். இராங்கினின் மற்றோர் அடை மட்டும் நிலைத்தது.

4. இந்திய மொழிகளில்

இந்தி, மலையாளம், கன்னடம் ஆகியவை நிலைமத்தை 'ஜடத்வ' எனும் வடசொல் வடிவால் குறிக்கின்றன. இலங்கைத் தமிழிலும் தமிழகப் பழைய நூல்களிலும் வழங்கும் 'சடத்துவம்' இதனோடு ஒத்தது. உயிரற்ற, செயலற்ற தன்மையைச் சுட்டும் இச்சொல் கெப்ளரின் பொருளுக்கு நெருங்கியது. 'நிலைமம்' என்பதோ ஓய்வு, சீரியக்கம் ஆகிய இரு நிலைகளையும் தழுவ வல்லது. அது நியூட்டனின் பொருளுக்கு இயைந்தது.

நிலையாற்றலுக்கு இந்தியில் வழங்கும் 'ஸ்திதிஜ ஊர்ஜா' இருப்பிடத்தால் பிறந்த ஆற்றல் எனப் பொருள்படுகிறது. கன்னடத்தின் 'ப்ரச்சன்ன சக்தி' மறைந்துள்ள ஆற்றல் எனப் பொருள்பட்டு இராங்கினின் கருத்தைத் தொடர்கிறது. இலங்கை வழக்கான 'அழுத்தசக்தி', மின்னழுத்தம் முதலிய சொற்களோடு ஒரு குடும்பமாகிறது. அங்கு வாயு முதலியவற்றின் அழுத்தத்திற்கு 'அமுக்கம்' எனும் தனிச்சொல் உள்ளமையால் குழப்பம் இல்லை. தமிழகத்தில் அழுத்தம் என்பதே அப்பொருளிலும் வழங்குவதால், 'அழுத்த ஆற்றல்' எனும் வடிவத்தினும் 'நிலையாற்றல்' தெளிவானது. எனினும் 'நிலைமம்' என்பதில் 'நிலை' இயக்க நிலையையும், 'நிலையாற்றல்' என்பதில் இருப்பிடத்தையும் குறிக்கிறது எனும் வேறுபாட்டை உணர்ந்தே இவற்றைக் கையாளுதல் வேண்டும்.

5. வேறுபாட்டின் பயன்

1905இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையின் தலைப்பே, பொருளின் நிலைமம் அதிலடங்கிய ஆற்றலைச் சார்ந்ததா எனும் வினாவாகும். சார்ந்தது என்பது அவர் கண்ட விடை. அழுத்தப்பட்ட சுருள்வில்லில் சேரும் 98 ஜூல் நிலையாற்றல் அதன் நிறையையும் மிகுவிக்கிறது. அம்மிகுதி ஒரு கிலோகிராமைப் பத்துக் கோடி கோடிக் கூறாக்கினால் ஏறத்தாழ ஒரு கூறே. அளவு சிறிதாயினும் கருத்து பெரிது. இரண்டும் ஒன்றே என மொழிபெயர்ப்பு மயக்குமாயின், அவ்வினா கேட்கவே தேவையற்றதாகிவிடும். இரு கருத்துகளின் தொடர்பைக் கூற, முதலில் அவற்றிற்கு இரு தெளிவான பெயர்கள் வேண்டும்.