அகன்ற வில்லையும் குறுகிய படமும்

நுரைச்சோலைக் கடற்கரையில் நின்று, 24 மில்லிமீற்றர் வில்லையைக் கரைப்பக்கம் திருப்பினால் எவ்வளவு காட்சி படத்தில் அடங்கும்? விடை வில்லையிடம் மட்டுமன்று, அதன் பின்னுள்ள படப்பரப்பிடமும் உண்டு.

ஜேர்மனியில் ஒஸ்கார் பார்னாக் சினிமாப் படச்சட்டத்தை இரட்டித்து அமைத்த 24க்கு 36 மில்லிமீற்றர் அளவு, 1925இல் லைக்கா கமெராவுடன் சந்தைக்கு வந்து, பின்னர் உலக வழக்காயிற்று. அவ்வளவில் இவ்வில்லை கிடையாக 74 பாகை காட்டும். 1999இல் வந்த நிக்கொன் டீ1 கமெராவின் உணரியோ 23.7 மில்லிமீற்றர் அகலமே உடையது. வில்லை பிம்பத்தை முன்போலவே விரித்தது. ஓரங்களை ஏற்கத்தான் இடமில்லை. 74 பாகை 53 ஆயிற்று.

அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியை நடுவில் வைத்தால், ஓரத்துத் தென்னைகள் வெளியே போய்விடும். பின்னே நகரலாமென்றால் அங்கே கடல்! பழைய அகலத்துக்கு 16 மில்லிமீற்றர் வில்லை வேண்டும். அது புதுச் செலவு. 2002இல் கனொன் நிறுவனம் முழு அளவு உணரியுடன் ஒரு கமெராவை வெளியிட்டபோது, பழைய வில்லைகள் தம் அகலத்தை மீளப் பெற்றன. விலைதான் எளியோர்க்கு எட்டவில்லை.