பூங்கா நிலக் கையிருப்பான கதை: சென்னை பீப்பிள்ஸ் பார்க், 1859–1993

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வடபுறத்தில் விக்டோரியா பொது மண்டபமும் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையும் நிற்கின்றன. மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் இயங்குகிறது. இவற்றுக்குப் பின்னால் அல்லிக்குளம் வணிக வளாகமும் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கமும் உள்ளன. இவை யாவும் 1859இல் தொடங்கப்பட்ட பீப்பிள்ஸ் பார்க் என்னும் ஒரே பூங்காவின் நிலத்தில் எழுந்தவை. நகரப் பூங்காக்கள் அழிவதைப் பற்றிப் பேசும்போது தனியார் ஆக்கிரமிப்பையும் நிலவணிகரின் பேராசையையுமே முதற்காரணமாகச் சொல்வது வழக்கம். பீப்பிள்ஸ் பார்க்கின் வரலாறு அந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. நாடக மேடை, சந்தை, நகராட்சி அலுவலகம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம் என அந்த நிலத்தில் எழுந்தவற்றுள் பெரும்பாலானவை பொதுத் தேவைக்காகவே எழுந்தவை. அவற்றுக்கு இடம் தந்ததும் பொது அமைப்புகளே. பூங்காவின் மண்ணை எதிர்காலக் கட்டடங்களுக்கான கையிருப்பாக நிர்வாகம் கருதத் தொடங்கியதே அது சுருங்கியதற்கு அடிப்படைக் காரணம் என்பதும், அந்த மாற்றத்துக்குக் கதவைத் திறந்தவை பூங்காவின் பொழுதுபோக்கு வசதிகளே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தோற்றமும் அமைப்பும்

சர் சார்லஸ் டிரெவெலியன் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். ஜேம்ஸ் வில்சனின் வருமானவரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1860இல் திரும்ப அழைக்கப்பட்டார். ஓராண்டுக்குச் சற்றே மேற்பட்ட அந்தப் பதவிக்காலத்தில் அவர் தொடங்கிய பணிகளுள் நீடித்தது பீப்பிள்ஸ் பார்க். அவர் விட்டுவந்த இங்கிலாந்தில் பொதுப்பூங்கா அப்போது புதிய கருத்து. தொழில்நகரங்களின் நெரிசலில் வாழ்வோருக்கு நடக்கத் திறந்தவெளி இல்லை என்று 1833இல் நாடாளுமன்றக் குழு எடுத்துரைத்தது. பொதுப்பணத்தில் அமைந்த பர்க்கன்ஹெட் பூங்கா 1847இல் திறக்கப்பட்டது. சென்னையில் அத்தகைய ஆலைகள் பெருகியிருக்கவில்லை. ஆனால் மதிலுக்குள் நெருங்கிக் கட்டப்பட்ட கறுப்பர் நகரம் இருந்தது. அந்த மதிலின் மேற்குப் புறத்துக்கு வெளியே, பெரியமேட்டுக்கும் வேப்பேரிக்கும் நடந்தே போகக்கூடிய தொலைவில் பூங்கா அமைந்தது. கடற்கரையோரத்திலோ, ஐரோப்பியரின் தோட்ட வீடுகள் பரவிய தெற்கிலோ அமைக்காமல் இங்கே அமைத்ததிலிருந்து, யாருக்காக இது எண்ணப்பட்டது என்பதை ஊகிக்கலாம்.

பூங்காவின் பரப்பு 116 ஏக்கர். அதனுள் வெட்டப்பட்ட குளங்கள் 11. வண்டியும் ஆளும் செல்லும் பாதைகள் சுமார் ஐந்தரை மைல். இவற்றோடு விலங்குக் காட்சிசாலை, பாண்டு வாத்திய மேடை, பொதுக் குளிப்பிடம், உடற்பயிற்சித் திடல், இரண்டு டென்னிஸ் திடல்கள் ஆகியவையும் இருந்ததாக அக்காலப் பயணக் கையேடுகள் கூறுகின்றன. இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது விகிதம். இரண்டு டென்னிஸ் திடல்களும் ஒரு வாத்திய மேடையும் 116 ஏக்கரில் ஒரு மூலைக்குக்கூடப் போதாதவை. வந்தவர்களில் ஒருவர் ஆடலாம், ஒருவர் வாத்தியம் கேட்கலாம், பலர் குளக்கரையில் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கலாம். வசதிகள் பூங்காவின் உள்ளே இருந்தன. பூங்கா அவற்றால் ஆனதாக இல்லை. குளங்களும் அழகுக்கு மட்டும் வெட்டப்பட்டவை ஆகா. கூவத்தின் அருகே, மழைக்காலத்தில் நீர் தேங்கும் சமநிலத்தில், பதினோரு குளங்கள் பெய்த நீரைத் தாங்கி வைத்திருக்க வேண்டும். தோட்டம் நகரத்துக்குச் செய்த இந்தப் பணி எந்த வருவாய்க் கணக்கிலும் ஏறாதது. அதனாலேயே பின்னாளில் எளிதில் மறக்கப்பட்டது.

பூங்காவுக்கு மக்களை ஈர்த்தவற்றுள் விலங்குக் காட்சிசாலை தலையாயது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் முதற் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர், ஆர்க்காட்டு நவாபின் விலங்குகளையும் பெற்று, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே காட்சிசாலையைத் தொடங்கினார். ஓராண்டுக்குள் அங்கிருந்த உயிரினங்களின் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. 1860களின் தொடக்கத்தில் அது நகராட்சியின் பொறுப்புக்கு மாறிப் பூங்காவின் ஒரு பகுதிக்கு வந்தது. அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சென்னை மக்கள் வழங்கியது, இவ்விரண்டும் எளிய மனிதரின் அன்றாடப் பேச்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தன என்பதற்குச் சான்று. 1835இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் உறுப்பினர்களை மையமாகக் கொண்டு இயங்கியது. பூங்காவின் காட்சிசாலையிலோ நுழைவுக் கட்டணமே இல்லை.

பந்தலிலிருந்து கட்டடத்துக்கு

ஆண்டிறுதியில் இங்கே நடந்த பார்க் கண்காட்சி பெருங்கூட்டத்தைத் திரட்டியது. 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நகரத்தின் நினைவில் நீண்டகாலம் நின்ற துயரம் அது. நிலப்பயன்பாட்டின் நோக்கில் பார்த்தால், கண்காட்சி ஒரு தற்காலிகப் பயன்பாடு. பந்தலைப் பிரித்ததும் நிலம் பழையபடி பூங்காவாகிவிடும். ஆனால் அதே 1886இல், ஏப்ரல் மாதத்தில், வேறு வகையான பயன்பாட்டுக்குப் பூங்கா நிலம் தரப்பட்டுவிட்டது. நகர மண்டபம் ஒன்று கட்டுவதற்காக 57 கிரவுண்டு நிலத்தை, அதாவது சுமார் 3.14 ஏக்கரை, 99 ஆண்டுக் குத்தகைக்கு நகராட்சி ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. இராபர்ட் சிசம் வரைந்த திட்டப்படி, நம்பெருமாள் செட்டியார் 1888 முதல் 1890 வரை கட்டி முடித்ததே விக்டோரியா பொது மண்டபம்.

அந்த மண்டபம் நகரத்துக்குத் தந்த பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகங்களை மேடையேற்றியது; 1897இல் விவேகானந்தர் அங்கே உரையாற்றினார். எடுத்துக்கொண்ட நிலமும் 116 ஏக்கரில் நூற்றுக்கு மூன்று பங்கைக்கூட எட்டவில்லை. தொடர்ந்து வந்த முடிவுகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது இந்தச் சிறுமையே. ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்ட நிலம் சிறிது, நோக்கம் பெரிது. அன்றைய முடிவைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் குறைகாண்பது கடினம். முடிவுகளைக் கூட்டிப் பார்க்கும் கடமை எந்த அலுவலருக்கும் இருக்கவில்லை.

1898இல் நகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர், பிராட்வேயின் பாப்பம் சந்தை வணிகர்களுக்கு மாற்றிடமாகப் புதிய சந்தைக்கு அடிக்கல் நாட்டினார். 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. பிராட்வேயின் நெரிசலைக் குறைக்கப் பூங்காவின் நிலம் பயன்பட்டது. அடுத்த முடிவு இன்னும் முக்கியமானது. எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கிவந்த நகராட்சி, தனக்கான மாளிகையைப் பூங்கா நிலத்திலேயே எழுப்பியது. 1909இல் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்ட, 1913இல் ஹார்டிஞ்சு பிரபு திறந்துவைத்த ரிப்பன் மாளிகை இந்தோ–சாரசனிக் அலங்காரங்களுக்கு அப்பால் விலகி வெண்ணிறத்தில் எழுந்த செவ்வியல் கட்டடம், நகரம் பெருமைப்படத்தக்கது. எனினும் பூங்காவைக் காக்க வேண்டிய அமைப்பே தன் அலுவலகத்துக்கு அதன் நிலத்தைத் தேர்ந்தபோது, அந்த மண் நகராட்சியின் கட்டட மனை என்ற எண்ணம் உறுதிப்பட்டது. மண்டபத்துக்குத் தந்தது குத்தகை. காலம் முடிந்தால் மீளும் என்று கோட்பாட்டளவிலாவது சொல்லலாம். அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்ட நிலத்தைப் பற்றி அப்படிச் சொல்ல வழியில்லை.

விளையாட்டுத் திடலின் வளர்ச்சியிலும் இதே போக்கைக் காணலாம். தொடக்கத்தில் வேலியில்லாத உடற்பயிற்சித் திடல். பிறகு மாநகராட்சியின் விளையாட்டரங்கம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க இணையாக 413 ஓட்டம் சேர்த்து, 2008 வரை நிலைத்த உலகச் சாதனையை நிறுவியது இங்கேதான். 1965 வரை இங்கே டெஸ்ட் ஆட்டங்கள் நடந்தன. 1993இல் பழைய அரங்கத்தின் இடத்தில் சுமார் 40,000 பேர் அமரும் புதிய அரங்கம் எழுந்தது. 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடைபெற்றன. விளையாடுவோரின் திடல், பார்ப்போரின் அரங்கமாயிற்று. போட்டி நாளில் பல்லாயிரவருக்குப் பயன்படும் அந்த நிலம், மற்ற நாள்களில் பெரியமேட்டுச் சிறுவன் ஒருவன் பந்தோடு நுழைய முடியாத மதிலுக்குள் அடைபட்டது.

1985 ஒரு முடிவாண்டு. மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அந்த இடம் ரயில்வேயின் புறநகர் முனையமாயிற்று. கடைகளை இழந்த வணிகர்களுக்காக, பூங்காவின் அல்லிக்குளம் இருந்த இடத்தில் வணிக வளாகம் எழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் முதலமைச்சர் எம்.ஜி. ராமச்சந்திரன் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். உயிர் காலேஜ் நகரை விட்டுப் போயிற்று. மண்டபத்தின் 99 ஆண்டுக் குத்தகையும் கணக்குப்படி அவ்வாண்டிலேயே நிறைவுற்றது. காலியான ஓர் இடமாவது தோட்டமாக மீண்டிருந்தால் கையிருப்பு மனப்பான்மை பற்றிய இவ்வாதம் தளர்ந்திருக்கும். பெரும்பாலும் நடந்தது மாறானது: ஒரு பொதுப்பயன் நீங்கிய இடத்துக்கு மற்றொரு பொதுப்பயனே வந்தது. பழைய பரப்பில் தோட்டமாக எஞ்சி, இன்றும் மாநகராட்சியின் பராமரிப்பில் உள்ள முதன்மையான பகுதி, மை லேடீஸ் பூங்கா என வழங்கும் சிறு தோட்டம்.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது: ஆங்கிலேய ஆளுநர் தன் நாட்டு முன்மாதிரியில் அமைத்த தோட்டத்தைவிட, தமிழ் நாடகத்தை வளர்த்த மண்டபமும், ஏழை மாணவர் பழைய புத்தகம் வாங்கிய மூர் மார்க்கெட்டும் மக்களுக்கு நெருக்கமானவை அல்லவா? நெருக்கமானவையே. ஆயினும் அந்த மண்டபமும் சந்தையும் வேண்டுமா என்பது இங்குள்ள கேள்வி அன்று. அவற்றுக்கு எடுத்த நிலத்துக்கு ஈடாக வேறு திறந்தவெளி நடந்துபோகும் தொலைவில் தரப்பட்டதா என்பதே கேள்வி. நாடகமும் வணிகமும் நகரில் வேறிடங்களிலும் நடக்க முடியும். நிழலும் குளமும் கொண்ட 116 ஏக்கரை வடசென்னையின் விளிம்பில் மீண்டும் உருவாக்க இடமில்லை. பூங்காவைத் தொடங்கியவர் ஆங்கிலேயர் என்பதும் பயன்படுத்தியவர்களின் உரிமையைக் குறைக்காது.

இரண்டாவது: தொடக்கத்திலேயே டென்னிஸ் திடலும் வாத்திய மேடையும் காட்சிசாலையும் இருந்தன, ஆகவே தோட்டத்தையும் பொழுதுபோக்கு வசதிகளையும் எதிரெதிராக நிறுத்துவது பொருந்தாது என்பர். இம்மறுப்பில் பாதி உண்மை உண்டு. வசதிகளே இல்லாத பூங்கா ஆளரவமற்றுப் போகும். உயிர் காலேஜ் இல்லாமல் அந்தக் கூட்டம் வந்திருக்காது. எதிர்ப்பு வசதிக்கும் தோட்டத்துக்கும் இடையே இல்லை. ஒரே பயனுக்கென அடைக்கப்பட்ட நிலத்துக்கும் பல பயன்களுக்குத் திறந்திருக்கும் நிலத்துக்கும் இடையே உள்ளது. வாத்தியம் நின்றதும் மேடையைச் சுற்றிய புல்வெளி குழந்தைகளுக்கு உரியதாகும். அரங்கத்தின் மதிலுக்கு அப்படி ஒரு மறுபயன் இல்லை.

மூன்றாவது: இழந்தது 116 ஏக்கர், வண்டலூரில் கிடைத்ததோ 1,265 ஏக்கர் என்று காட்டலாம். விலங்குகளின் நலனுக்கு இது தெளிவான முன்னேற்றம். ரயிலின் இரைச்சலுக்கும் நெரிசலுக்கும் நடுவே சிறு கூண்டுகளில் அவற்றை வைத்திருப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு அப்பால், கட்டணம் செலுத்திக் காணும் இடம் ஆண்டுக்கு ஒரு முறை போகும் சுற்றுலாத் தலமாகும். மாலையில் நடந்து போய்வரும் பூங்காவுக்கு அது ஈடாகாது. விலங்குகள் பெயர்ந்தது சரியே; அவை விட்டுச்சென்ற நிலம் தோட்டமாகத் தொடராததே இழப்பு.

சட்டம் தரும் பாடம்

பீப்பிள்ஸ் பார்க் தொடங்கிச் சரியாக நூறாண்டுக்குப் பின், 1959இல் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. உள்ளாட்சிகள் தத்தம் பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் உள்ள இடத்தை அரசின் முன்னனுமதியின்றி வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். தனியாரிடமிருந்து காக்க இது வலுவான கருவி. ஆனால் சென்னையின் முதற்பெரும் பூங்காவைச் சுருக்கியது தனியார் அல்லர். அரசு அனுமதி எளிதில் கிடைக்கும் அமைப்புகளே. மேலும் இச்சட்டம் வந்தபோது மண்டபமும் சந்தையும் மாளிகையும் அரங்கமும் எழுந்துவிட்டன. எஞ்சியதைக் காப்பதற்கும், விளையாட்டரங்கமும் பொழுதுபோக்கு வசதியே என்ற வாதம் தடையாக வந்து நிற்கும்.

இன்று தமிழகத்தின் நகரங்களில் புதிய பூங்காக்கள் எழுகின்றன. சென்னை கதீட்ரல் சாலையில் 2010இல் செம்மொழிப் பூங்காவும், 2024இல் அதற்கு எதிரே கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் திறக்கப்பட்டன. தொங்குகம்பிப் பயணம், கண்ணாடி மாளிகை, இசை நீரூற்று என வசதிகளின் பட்டியலாலேயே பூங்காவை அளக்கும் வழக்கம் வலுப்பெற்று, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமும் வந்துவிட்டது. பீப்பிள்ஸ் பார்க்கின் வரலாறு இங்கே நேரடியாகப் பொருந்தும். வசதி ஒவ்வொன்றும் பயனுள்ளதா என்று தனித்தனியே கேட்டால் விடை எப்போதும் ஆம் என்றே வரும். அந்த ஆம்களைக் கூட்டினால் பூங்கா மிஞ்சாது. ஆகவே ஒவ்வொரு பூங்காவுக்கும் கட்டடம் ஏறாத, கட்டணம் கேட்காத மண்பரப்பு எவ்வளவு என்று தொடக்கத்திலேயே அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பரப்பில் பொது நோக்கத்துக்காக ஒரு கிரவுண்டு எடுத்தாலும், அதே பகுதி மக்கள் நடந்து சேரும் தொலைவில் ஈடான நிலத்தை முதலில் திறந்துவிட்ட பிறகே எடுக்கலாம் என்பதைச் சட்டக் கடமையாக்க வேண்டும். அரசுத் துறைகளையும் உள்ளாட்சிகளையும் இக்கடமை முதலில் கட்டுப்படுத்த வேண்டும். ஏனெனில் 1886 முதல் 1993 வரை நூறாண்டுக்கும் மேலாகப் பூங்கா நிலத்தைக் கேட்டவையும் கொடுத்தவையும் பெரும்பாலும் அவையே.