தேர் போட்ட வீதி, பீரங்கி போட்ட எல்லை

சிதம்பரத்தில் ஆக்கிரமிப்பு அகற்றும் அதிகாரி யார் என்று கேட்டால் நடராஜர் என்றுதான் சொல்வேன். நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நோட்டீஸ் ஒட்டி, பொக்லைன் வரவழைத்து, போலீசை நிறுத்தி இடித்தாலும் தகரக் கொட்டகை சீக்கிரமே திரும்ப முளைத்துவிடும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் தேர் என்றால் கதை வேறு. கடைக்காரர் தானே பந்தலைச் சுருட்டுவார், பெயர்ப் பலகையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

மற்ற ஊர்களில் தேருக்கு உற்சவர் வருவார். இங்கே மூலவரே வருகிறார். விநாயகர், முருகன், நடராஜர், சிவகாமசுந்தரி, சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள். கீழ வீதி தேரடியில் கிளம்பி தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றி நிலைக்கு வரும். மேல வீதி கஞ்சித்தொட்டி முனையில் பருவதராஜகுல மீனவர்கள், அம்பாள் தங்கள் வீட்டுப் பெண் என்று சீர் கொடுப்பார்கள். தேருக்கு முன்னால் துடைப்பத்தோடு ஒரு கூட்டம் பெருக்கிக்கொண்டே போகும். பின்னாலேயே தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார்கள்.

என் தொழில் கண்ணுக்கு முக்கியம் அந்த நான்கு முனைகள்தான். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துக் கொடுத்துத்தான் திருப்ப வேண்டும். வடம் பிடித்திருக்கும் ஆட்கள் முழுவதுமாக அடுத்த வீதிக்குள் போய் நேராக நின்றால்தான் தேர் அசையும். ஆகவே முனையில் யாரும் திண்ணை கட்ட முடியாது, வீதி நடுவே வளைய முடியாது. சிதம்பரம் நகராட்சி 1873-இல் வந்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே வடமும் முட்டுக்கட்டையும் சேர்ந்து வீதிக்கு அளவு போட்டுவிட்டன.

ஊருக்கு வெளியே போகிற சாலையிலும் சாமிதான் முன்னால் நடந்தார். முதல் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் படைத்தலைவனாக இருந்த நரலோகவீரன், மாசி மகக் கடலாட்டுக்காக ஒரு மண்டபமும் அதற்குப் பெருவழியும் அமைத்தான் என்று கோயிலின் பாடல் கல்வெட்டு சொல்கிறது. ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன், நடந்து போகிறவர்களுக்கென்று ஒரு சாலைத் திட்டம்! இன்றும் மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடலுக்கு வருகிறார். வழியில் கிள்ளை தைக்காலில் முஸ்லிம்கள் வரவேற்கிறார்கள்.

கடலூர் கதை நேர் எதிர். 1690-இல் அங்குள்ள தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரம் வரை நிலமும் சேர்த்தி என்பது பேரம். சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகக் கொண்டுவந்து சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். அந்த எல்லை யார் எங்கே நடப்பார்கள் என்று பார்த்துப் போட்டதல்ல. முதுநகர் ஒரு பக்கம், திருப்பாதிரிப்புலியூர் ஒரு பக்கம், கெடிலத்துக்கு அக்கரையில் மஞ்சக்குப்பம் என்று துண்டு துண்டாகக் கிடந்த ஊர்களைப் பாலமும் இம்பீரியல் சாலையும் பிறகு தைத்தன. பாடலீசுவரர் கோயிலடியில் ஒரு ஊர், கலெக்டர் ஆபீசடியில் இன்னொரு ஊர். எல்லோரும் ஒரே பாலத்தில் ஏறினால் நெரிசல் வராமல் என்ன செய்யும்?

சிதம்பரத்துக்கும் பிறகு பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரயில் பாதை கிழக்கே வந்தது. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பாதைக்கும் கிழக்கே வந்தது. பஸ் நிலையமும் அந்தத் திசையில்தான். தேரோடும் வீதிகள் அகலமாகவே இருக்க, அவற்றிலிருந்து கிழக்கே இறங்கும் சின்னத் தெருக்கள் திணறின. மாணவர்கள் வாடகை சைக்கிளில் போன காலத்தில் அது தெரியவில்லை. சைக்கிள் போய் பைக் வந்தது, பைக் நிற்க இடம் கேட்டது, நடப்பவர் சாக்கடை மூடிமேல் ஏறினார்.

புறவழிச்சாலையால் எல்லாம் தீரும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது நாகப்பட்டினம் போகிற லாரியைத் திருப்பிவிடும். மேல வீதியில் காய்கறி வாங்க வண்டியை நடுரோட்டில் நிறுத்துகிறவர் நம்மூர்க்காரர். ஊரின் பரப்பே ஐந்து சதுர கிலோமீட்டருக்குள். மக்கள்தொகை 2011 கணக்கில் 62,153. பெரும்பாலான வேலைக்குக் காலும் சைக்கிளும் போதும்.

நகராட்சிக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆனித் தேரன்று கடைகள் எதுவரை பின்வாங்குகின்றனவோ, அந்த இடத்தில் சர்வேயரை விட்டுக் கல் நடுங்கள். அந்தக் கல்லுக்கு உட்புறம் நடைபாதை, அதை ஒட்டி சைக்கிள், மிச்சம் வண்டிகளுக்கு. முதலில் கீழ வீதியில் மட்டும் செய்து பாருங்கள். அளவு ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஆலோசகர் யாரும் வேண்டாம்.