பாகூர், திருபுவனைக் கல்விக் கொடைகள்

புதுச்சேரியின் ஊரகப் பகுதிகளான பாகூரிலும் வில்லியனூருக்கு மேற்கேயுள்ள திருபுவனையிலும் இடைக்காலத்தில் உயர்கல்விச் சாலைகள் இருந்தன. அவற்றின் செலவு நிலவருவாயிலிருந்து நடந்தது.

1879-இல் கிடைத்த பாகூர்ச் செப்பேடுகள் முதற்கொடையைத் தெரிவிக்கின்றன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில் (9-ஆம் நூற்றாண்டு), நிலைதாங்கி என்னும் தலைவனின் வேண்டுகோளின்படி, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய 3 ஊர்கள் பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு வழங்கப்பட்டன. செப்பேட்டின் வடமொழிப் பகுதி அரச மரபைப் புகழ்கிறது. தமிழ்ப் பகுதி ஊர்களின் எல்லைகளையும் உரிமைகளையும் வரையறுக்கிறது.

திருபுவனைக் கல்வெட்டு முதலாம் இராசாதிராச சோழனின் 30-ஆம் ஆட்சியாண்டைச் (1048) சேர்ந்தது. அங்கு 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்தனர். 72 வேலி நிலத்திலிருந்து ஆண்டுக்கு 12,000 கலம் நெல் இக்கொடைக்கு வந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர்ச்சபையின் வாரியப் பணிகளிலிருந்தும் விலக்குப் பெற்றனர்.

இரண்டும் ஒரே முறை கொடுத்துத் தீரும் பொருளாக அமையவில்லை. விளைச்சல் உள்ளவரை வருவாய் தொடர்ந்தது. ஆகவே கல்விச்சாலையின் வாழ்வும் வயலின் விளைச்சலையே சார்ந்திருந்தது.